கிளினிக் மெசேஜ் ஆரின்ரை போனுக்கு வருது?

உரும்பிராய்க்காரன் | திங்கள், இரவு 8.40

வணக்கம் உறவுகளே. ஒரு விசயம் கதைக்கோணும். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதையுங்கோ, பேர் சொல்லிச் சண்டை பிடிக்க இந்த இழையைத் திறக்கேல்லை.

மாமாவுக்குச் சீனியும் பிறசரும். கொப்பியைத் தூக்கிக்கொண்டு மாசாமாசம் கிளினிக்குக்குப் போய் வாறவர். இந்த முறை நாளை மாத்திப்போட்டு எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கினம். மனுசன் அது தெரியாமல் விடிய எழும்பி, வெறும் வயித்தோடை ஓட்டோ பிடிச்சுப் போய், வாங்கிலை குந்தி இருந்திருக்கிறார். ஒன்பது மணிபோலை கொப்பியைப் பாத்த பிள்ளை, “ஐயா, உங்களுக்கு அடுத்த கிழமையெல்லோ, மெசேஜ் போட்டனாங்கள்” எண்டு சொல்லியிருக்கு.

மெசேஜ் போனது மச்சானின்ரை நம்பருக்கு. அவன் இப்ப கட்டாரிலை. அந்த சிம் வீட்டு அலுமாரி லாச்சிக்குள்ளை கிடக்கு. எடுத்துப் போட்டுப் பாத்தால் உண்மையா மெசேஜ் வந்திருக்கு, அதுவும் முழுக்க இங்கிலீஷிலை. மாமாவின்ரை போனுக்கு வந்திருந்தாலும் அவர் ஏதோ ரீலோட் விளம்பரம் எண்டு விட்டிருப்பார்.

உங்கடை பக்கத்திலை ஆஸ்பத்திரியள் போன், இன்ரநெற் வழியா நோயாளியோடை எப்பிடித் தொடர்பு வைச்சிருக்கினம்? எது உண்மையா வேலை செய்யுது, எது சும்மா படம் காட்டுறது?

---

கரவெட்டிக் குசும்பு | திங்கள், இரவு 8.52

அப்ப லாச்சிக்குத்தான் கிளினிக் வைச்சிருக்கினம் போலை. சிம்முக்குச் சீனி எவ்வளவாம்?

---

ஓய்வு மிஸ்ஸி | திங்கள், இரவு 9.30

தம்பி, நான் கிளினிக்கிலை நேர்ஸா கன வருசம் நிண்டவள். உது உங்கடை மாமாவுக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை.

பதியிற இடத்திலை “போன் நம்பர் சொல்லுங்கோ” எண்டு ஒரு கேள்வி இருக்கும். ஆரின்ரை போன், அதை ஆர் வைச்சிருக்கிறது, அவர் நோயாளியோடை ஒரே வீட்டிலையோ எண்டு கேக்கிறதுக்கு அந்தப் படிவத்திலை இடமே இல்லை. வாறது வயசுபோன சனம். தங்கடை நம்பர் அதுகளுக்குப் பாடமில்லை. கூட வந்த பிள்ளை தன்ரை நம்பரைச் சொல்லும். அது பேந்து கலியாணம் கட்டிப் போயிடும், வெளிநாடு போயிடும், சிம்மை மாத்திப்போடும். நம்பர் மட்டும் அப்பிடியே இருக்கும்.

நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டால், கொப்பி மட்டையிலை நம்பருக்குப் பக்கத்திலை “மகள்”, “பக்கத்து வீடு”, “சந்திக் கடை” எண்டு பென்சிலாலை எழுதி வைப்பம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஆச்சியைக் கேப்பம், “அந்த மகள் இப்பவும் உங்களோடையோ?” எண்டு. கொம்பியூட்டர் வந்தாப் பிறகு நம்பருக்குப் பெட்டி இருக்கு, “மகள்” எண்டு எழுதப் பெட்டி இல்லை.

இன்னொண்டும் சொல்லுறன். 2020 ஊரடங்கு நேரம் ஞாபகம் இருக்கோ? கிளினிக் மருந்தைப் பொதி கட்டித் தபால்காரரிட்டைக் குடுத்து வீட்டை அனுப்பினது. அப்ப நம்பருக்கு எடுத்துப் பேசினால்தான் விலாசமே சரி வரும். எடுத்த போனிலை பாதிக்கு மேலை வேறை ஆரோதான் கதைச்சவை. பேரப்பிள்ளை எடுத்து “அம்மம்மா மீன் வெட்டுறா, பேந்து எடுங்கோ” எண்டு வைச்ச கதையும் இருக்கு. எண்டாலும் மருந்து போய்ச் சேந்தது. ஏனெண்டால் அண்டைக்குப் போனிலை ஒரு மனுசர் இருந்து கேட்டு விசாரிச்சவர்.

---

கோட் பெடியன் | திங்கள், இரவு 10.05

> அதுவும் முழுக்க இங்கிலீஷிலை

இதுக்குப் பின்னாலை ஒரு காசுக் கணக்கு இருக்கு அண்ணை. நான் எஸ்எம்எஸ் அனுப்புற மென்பொருளிலை வேலை செய்தனான், அதாலை தெரியும்.

ஒரு எஸ்எம்எஸ்ஸிலை இங்கிலீஷ் எண்டால் 160 எழுத்துப் போகும். தமிழோ சிங்களமோ ஒரு எழுத்து கலந்தாலும் முழு மெசேஜும் யூனிகோட் எண்ட எழுத்து முறைக்கு மாறி 70க்கு இறங்கிடும். அதிலையும் எங்கடை கண்ணுக்கு ஒரு எழுத்தாத் தெரியிறது மெசினுக்கு ரெண்டு. “கிளினிக்” எண்டால் நீங்கள் நாலு எழுத்து எண்டுவியள், அது எட்டு எண்டு எண்ணும். விசிறியும் குத்தும் தனித்தனி. 70ஐத் தாண்டினால் மெசேஜைத் துண்டு போடும், துண்டொண்டுக்கு 67தான். ஒவ்வொரு துண்டுக்கும் காசு.

அப்ப ஒப்பந்தம் போடுறவர் என்ன செய்வார்? இங்கிலீஷிலை ஒரு மெசேஜ், தமிழிலை அதே விசயம் மூண்டு மெசேஜ். லட்சக்கணக்கிலை அனுப்பேக்கை ஆர் தமிழைத் தெரிவு செய்யப் போறார்? கெட்ட எண்ணம் எண்டு சொல்லமாட்டன். விலைப்பட்டியலைப் பாத்துப் போட்ட முடிவு.

சுருக்கமா எழுதினால் தமிழையும் 70க்குள்ளை அடக்கலாம். ஆனால் “அன்புடையீர், தங்களது மேலான கவனத்திற்கு” எண்டு தொடங்கினால் அதிலையே பாதி போயிடும்.

---

மானிப்பாய்க் கிழவன் | திங்கள், இரவு 10.48

1847இலை யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழைப் படிச்சு, தமிழிலை மருத்துவம் படிப்பிச்சு, வைத்தியப் புத்தகங்களையும் தமிழிலை அச்சடிச்சவர். அந்தாளுக்கும் அச்செழுத்துக்குக் காசு போயிருக்கும் தம்பி. இது விலைப்பட்டியல் கதை எண்டால் நான் நம்பன்.

---

கோட் பெடியன் | திங்கள், இரவு 10.55

ஐயா, நான் நியாயம் சொல்லேல்லை. காரணம் சொன்னன்.

---

ஹரோ பெரியம்மா | செவ்வாய், அதிகாலை 3.20

பிள்ளையள், லண்டனிலை இருந்து எழுதுறன். இஞ்சை அரச சுகாதார சேவையின்ரை என்எச்எஸ் ஆப் எண்டு ஒண்டு இருக்கு. மாத்திரை முடிஞ்சால் அதிலை அமத்திவிட்டால் பாமசிக்குப் போயிடும். இரத்தப் பரிசோதனை முடிவும் வரும். நல்ல வசதி, இல்லையெண்டு சொல்லேல்லை.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இவருக்கு ஒரு முடிவு வந்தது, பக்கத்திலை சிவப்பு அடையாளம். டொக்டர் திங்கள்தான். அந்த ரெண்டு நாளும் இந்த மனுசன் கூகிளைப் பாத்துத் தனக்கு இல்லாத வருத்தமெல்லாம் இருக்கெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சார். திங்கள் டொக்டர் சிரிச்சுப்போட்டு “தண்ணி குடியுங்கோ” எண்டார். அமெரிக்காவிலை இதைச் சட்டமாவே கொண்டு வந்திட்டினம். 2021 ஏப்ரலிலை இருந்து முடிவைச் சும்மா பிடிச்சு வைக்கேலாது, டொக்டர் பாக்க முதல் நோயாளி பாத்திடலாம். உரிமை எண்டால் உரிமைதான். ஆனால் அதை வாசிச்சு விளங்கப்படுத்த ஒராள் வேணுமெல்லோ.

மற்றது, எல்லாத்தையும் கொம்பியூட்டருக்குள்ளை போட்டிட்டுக் கொப்பியை எறியாதையுங்கோ. 2017 மே மாசம் வன்னாகிறை எண்ட வைரஸ் வந்து இஞ்சை கன ஆஸ்பத்திரியளின்ரை கொம்பியூட்டரெல்லாம் பூட்டுப்பட்டது. கிளினிக்குகள், ஒப்பரேசன்கள் நிறுத்துப்பட்டு, அம்புலன்சை வேறை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விட்டவை. ஊரிலை அந்த 80 பக்கக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு எங்கை போனாலும் முழுச் சரித்திரமும் கையிலை. எனக்கு இப்பவும் அதிலை ஒரு மரியாதை.

---

நல்லூர்ப் பிள்ளை | செவ்வாய், காலை 7.15

ஆரின்ரை போன் எண்டது வயசுபோனவைக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்குக் கிளினிக் நினைவூட்டல் தமையன்ரை போனுக்கு வந்தது. எந்தக் கிளினிக் எண்டு பேரோடை வந்தது. அவ வீட்டிலை சொல்லாத விசயம். அதுக்குப் பிறகு வீட்டிலை நடந்ததை நான் இஞ்சை எழுத விரும்பேல்லை.

மனநல கிளினிக், பாலியல் நோய்க் கிளினிக், கர்ப்பிணிக் கிளினிக், எது எண்டாலும் மெசேஜிலை கிளினிக்கின்ரை பேர் வரக்கூடாது. “உங்கள் நாள் இன்ன திகதி” எண்டாக் காணும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலை உடல்நலத் தரவை விசேச வகை எண்டு தனியாப் பிரிச்சே வைச்சிருக்கினம். சட்டம் புத்தகத்திலை இருக்க, ரிப்போட்டைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப் குறூப்பிலை போடுறது மட்டும் நிக்கேல்லை.

---

கரவெட்டிக் குசும்பு | செவ்வாய், காலை 7.32

வட்ஸ்அப்பை விடுங்கோ. ஒலிபெருக்கியிலை பேரும் ஊரும் வருத்தமும் சொல்லிக் கூப்பிடேக்கை முழு வாங்குக்கும் தெரியும். அதுக்கு என்ன சட்டமாம்?

---

சிலிக்கன் சுன்னாகம் | செவ்வாய், காலை 9.10

இவ்வளவு புலம்பல் தேவையில்லை. ஒரு ஆப் போட்டால் எல்லாம் சரி. லொகின், முகத்தை ஸ்கான் பண்ணுறது, கிளினிக் நாள், ரிப்போட், சற்பொட் எல்லாம் ஒரே இடத்திலை. நான் மூண்டு மாசத்திலை செய்து தருவன். எங்கடை சனத்துக்குப் புதுசு எண்டால் பயம்.

---

ஓய்வு மிஸ்ஸி | செவ்வாய், காலை 9.41

தம்பி, நான் ஊசி போட்ட ஆச்சிமாரிலை முக்காவாசிப் பேருக்கு அமத்திற போன்தான். அதிலையும் பச்சைப் பொத்தானை மட்டும்தான் தெரியும். ஆப்பை எங்கை போடப் போறியள், கொட்டைப்பெட்டிக்குள்ளையோ?

---

சிலிக்கன் சுன்னாகம் | செவ்வாய், காலை 9.50

அப்ப உங்களைப்போலை ஆக்களாலைதான் நாடு முன்னேறேல்லை.

---

மட்டுறுத்துனர் | செவ்வாய், காலை 10.02

மேலேயுள்ள கருத்துக்குப் பின்வந்த மூன்று பதில்கள் நீக்கப்பட்டுள்ளன. வயதில் மூத்தவர்களிடம் மரியாதையாக எழுதவும். ஆப் விற்பனைக்குத் தனி இழை உண்டு.

---

வெள்ளைக்கோட்டு | செவ்வாய், மதியம் 1.35

அரச வைத்தியசாலையில் வேலை செய்பவன். எங்கே என்று கேட்காதீர்கள். சாப்பிடுகிற நேரத்தில் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நினைவூட்டல் மெசேஜ் வீண் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வில், எஸ்எம்எஸ் போட்டால் கிளினிக் வரவு கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். போன் எடுத்துச் சொல்வதற்குக் கிட்டத்தட்டச் சமமான பலன், செலவு குறைவு. ஆனால் அது மெசேஜ் சரியான ஆளின் கையில் போய்ச் சேர்ந்தால்தான். உங்கள் மாமாவின் கதையில் விழுந்த ஓட்டை அங்கேதான்.

ஓய்வு மிஸ்ஸி சொன்ன அந்த “மகள்” என்ற பென்சில் குறிப்பு எங்கள் கணினியில் இல்லாதது உண்மையான குறை. நோயாளியை அடையாளம் காண 11 இலக்கத் தனிநபர் சுகாதார எண் இருக்கிறது, பார்கோட் அட்டை கொடுக்கிற இடங்களும் உண்டு. அட்டையை வருடினால் அது எந்த ஐயா என்று உடனே தெரியும். ஐயாவுக்கு யார் மூலம் செய்தி சொல்வது என்பது தெரியாது. இவை இரண்டும் வேறு வேறு விடயம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். நோயாளிகள் கேட்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. “ஒரு நம்பர் தாருங்கோ, சந்தேகம் வந்தால் கேக்க.” அவ்வளவுதான். அந்த நம்பரைப் போட்டால் அதற்கு ஓர் ஆளைப் போட வேண்டும். ஆளணியில் அப்படி ஒரு பதவி இல்லை. அதனால் என்ன நடக்கிறது? ஏதோ ஒரு நல்ல மனமுள்ள மிஸ்ஸியோ டொக்டரோ தன் சொந்த நம்பரைக் கொடுப்பார். இரவு பதினொரு மணிக்கு “டொக்டர், வெள்ளைக் குளிசை முடிஞ்சுது, எதுக்கு அது?” என்று குரல் பதிவு வரும். எந்த வெள்ளைக் குளிசை? கொப்பி வீட்டில், நான் கட்டிலில். பதில் சொன்னாலும் ஆபத்து, சொல்லாமல் விட்டாலும் மனம் கேட்காது. அவர் இடமாற்றம் ஆகிப் போனதும் அந்தத் தொடர்பும் செத்துவிடும்.

---

உரும்பிராய்க்காரன் | செவ்வாய், பின்னேரம் 4.20

> நம்பரைப் போட்டால் அதற்கு ஓர் ஆளைப் போட வேண்டும்

டொக்டர், இதைத்தான் நான் சொல்ல நினைச்சும் சொல்லத் தெரியாமல் இருந்தனான். 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பரைப் பாருங்கோ. 2016இலை மேல், தென் மாகாணங்களிலை தொடங்கி, 2018 ஜூலையிலை எங்கடை பக்கம் வந்தது. இண்டைக்கு எங்கடை ஒழுங்கையிலை எந்த அப்புவைக் கேட்டாலும் அந்த நாலு இலக்கம் தெரியும். ஆப் போட்டு வந்த பேர் இல்லை. எடுத்தால் மணி அடிக்கும், ஒரு ஆள் கதைக்கும், பேந்து வாகனம் வரும், காசும் இல்லை. உள்ளுக்கு ஜிபிஎஸ், வரைபடம் எண்டு எல்லாத் தொழில்நுட்பமும் ஓடுது. அது அவையின்ரை பக்கம். எங்கடை பக்கத்திலை பச்சைப் பொத்தான் மட்டும்.

தனியார் பக்கம் இதுக்குத் தலைகீழ். டொக்டரைப் பாக்க இன்ரநெற்றிலை பதியிற இ-சனலிங்கிலை காசைக் கட்டினவுடனை நம்பர் 14 எண்டு அழகா மெசேஜ் வரும். டொக்டர் எத்தினை மணிக்கு வருவார் எண்டது மட்டும் வராது. வரவேற்பிலை கேட்டால் “கொழும்பாலை வாறார்” எண்டுவினம். அது பதிலோ?

---

நெடுந்தீவான் | செவ்வாய், இரவு 7.55

நீங்கள் எல்லாரும் பெருநிலத்திலை இருந்து கதைக்கிறியள். எங்கடை கணக்கையும் கேளுங்கோ.

கிளினிக் எண்டால் விடிய இறங்குதுறைக்குப் போய், படகேறிக் குறிகட்டுவான் வந்து, பேந்து பஸ். திரும்பிற படகை விட்டால் அண்டிரவு ஆரின்ரையோ வீட்டுத் திண்ணை. சோளகக் காத்துத் தூக்கி அடிச்சால் படகே ஓடாது. இவ்வளவும் பட்டு உள்ளுக்குப் போனால் டொக்டர் கொப்பியைப் பாத்து, “பிறசர் நல்லாயிருக்கு, அதே மருந்து” எண்டு எழுதுவார். அந்தச் சொல்லை போனிலை சொல்ல ஏலாதோ?

வீடியோக் கோல் எண்டு சிலபேர் சொல்லீனம். வீட்டிலை இருந்து எங்கடை அப்பு வீடியோக் கோல் எடுத்தால் டொக்டர் பாக்கப் போறது அவரின்ரை காதும் வீட்டுக் கூரையும்தான்.

---

வெள்ளைக்கோட்டு | செவ்வாய், இரவு 9.12

@நெடுந்தீவான், அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்தியாவில் 2019இல் தொடங்கிய இ-சஞ்சீவனியில் ஒரு முறை உண்டு. நோயாளி தன் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போவார். அங்குள்ள சுகாதார ஊழியர் பக்கத்தில் இருந்து அழுத்தம் பார்த்து, திரையில் தெரியும் டொக்டரிடம் சொல்லுவார். அப்புவின் கையில் போனைக் கொடுத்து விட்டுவிடுவதில்லை. உங்கள் தீவிலேயே பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. நிலையாக இருப்பவர்களுக்கு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் இப்படிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? காலில் புண், நெஞ்சு நோ என்றால் நேரே வரத்தான் வேண்டும். பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதைத் திரையில் செய்ய முடியாது.

---

கோட் பெடியன் | செவ்வாய், இரவு 9.40

சரி, ஆளணி எங்கடை கையிலை இல்லை. 70 எழுத்து எங்கடை கையிலை. ஒரு மாதிரி மெசேஜ் எழுதிப் பாத்தன்:

“உங்கள் கிளினிக் 12 செவ்வாய் காலை 8. சாப்பிடாமல் வரவும்.”

எண்ணிப் பாத்தால் 55. நல்லூர்ப் பிள்ளை சொன்ன மாதிரி எந்தக் கிளினிக் எண்டு இதிலை இல்லை. கடைசியிலை “போன்” எண்டு போட்டு ஆஸ்பத்திரியின்ரை 10 இலக்க நம்பரையும் சேத்தால் 71. ஒரேயொரு எழுத்தாலை போகுது!

---

கரவெட்டிக் குசும்பு | செவ்வாய், இரவு 9.44

கடைசி முற்றுப்புள்ளியைத் தூக்கு. ஒரு குத்துக்காக ஆரும் ரெண்டாம் மெசேஜுக்குக் காசு கட்டுவினமோ?

---

ஓய்வு மிஸ்ஸி | செவ்வாய், இரவு 10.10

நில்லுங்கோ, நில்லுங்கோ. உந்த மெசேஜை அனுப்பிப்போடாதையுங்கோ.

சீனிக்காரருக்குச் “சாப்பிடாமல் வரவும்” எண்டு மட்டும் போட்டால், சொன்னபடி சாப்பிடாமல் வருவினம். ஆனால் வழக்கம்போலை காலமைக் குளிசையைப் போட்டிட்டு, இல்லாட்டி இன்சுலினைக் குத்திப்போட்டு வருவினம். வரிசையிலை நிக்கேக்கை வேர்த்து, நடுங்கி, தொப்பெண்டு விழும். வாங்கிலை இருந்த ஆக்களை அப்பிடிப் பிடிச்சுச் சீனித்தண்ணி பருக்கினது எத்தினை தரம்! சீனி மருந்தை எடுக்காமல் கையோடை கொண்டு வாங்கோ, இரத்தம் குடுத்துச் சாப்பிட்டாப் பிறகு எடுக்கலாம் எண்டதையும் போடோணும்.

---

கோட் பெடியன் | செவ்வாய், இரவு 10.31

“உங்கள் கிளினிக் 12 செவ்வாய் காலை 8. சாப்பிடாமல், சீனி மருந்து எடுக்காமல் வரவும். மருந்தைக் கையில் கொண்டு வரவும்.” இதோடை போன் நம்பர்.

128 வருது. ரெண்டு துண்டு. சீனிக் கிளினிக்குக்கு மட்டும் இது, மற்றவைக்குச் சின்னது. மிஸ், இது சரியோ?

---

ஓய்வு மிஸ்ஸி | செவ்வாய், இரவு 10.38

இது சரி மோனை. “சீனி மருந்து” எண்டு போட்டது நல்லம், இல்லாட்டிப் பிறசர்க் குளிசையையும் விட்டிட்டு வருவினம். நம்பருக்குப் பக்கத்திலை அந்தப் பெட்டியையும் ஒருக்கா வைச்சுத் தாங்கோ. “மகள்” எண்டு எழுத.

---

நெடுந்தீவான் | செவ்வாய், இரவு 11.02

அந்தக் “காலை 8” எங்களுக்கு ஒத்து வராது. முதல் படகு பிடிச்சாலும் வந்து சேர நேரம் போயிடும், அதுவரைக்கும் வெறும் வயித்தோடை கடல் தாண்டச் சொல்லுறியளோ? இரத்தத்தை இஞ்சையே எடுத்து அனுப்ப ஏலாதோ டொக்டர்?

---

வெள்ளைக்கோட்டு | புதன், காலை 6.20

முடியும். மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறே தேவையில்லை. குழாயைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் படகில் வந்தாலும் பழுதாகாது. இறங்குதுறையில் அந்தப் பெட்டியை யார் கையெழுத்துப் போட்டு வாங்குவது என்று கேட்டால், திரும்பவும் ஆளணிக்குத்தான் வந்து நிற்போம். வார்ட் ரவுண்டுக்கு நேரமாகிறது, பிறகு எழுதுகிறேன்.